இடைப்பட்ட ஆண்டுகளின் செலவு: நலன், கல்வி, தொழில்திறன் குறித்துச் சேதராப்பட்டை முன்வைத்து ஓர் ஒப்பாய்வு

நாடுகளின் நலக் கொள்கைகளை ஒப்பிட்டு ஆராய்வோர் பெரும்பாலும் மூன்று தனித்தனிக் கணக்குகளை எடுத்துக்கொள்கின்றனர். ஓய்வூதியம், மருத்துவம், உணவு மானியம் ஆகியவற்றுக்கு அரசு எவ்வளவு செலவிடுகிறது என்பது ஒரு கணக்கு. பள்ளியிலும் கல்லூரியிலும் எத்தனை பேர் பயில்கின்றனர் என்பது மற்றொன்று. பயின்றவர்களைத் தக்கவைத்துக்கொள்ளவும் பிற நாடுகளிலிருந்து வரவழைக்கவும் என்ன வழி வைத்திருக்கிறது என்பது மூன்றாவது. டென்மார்க்கைச் சேர்ந்த சமூகவியலாளர் கோஸ்டா எஸ்பிங்-ஆண்டர்சன் 1990-இல் வெளியிட்ட நூலில், சந்தையை நம்பி ஏழைகளுக்கு மட்டும் உதவும் அரசு, வேலையோடு பிணைந்த காப்பீட்டின் வழியே உதவும் அரசு, குடிமக்கள் அனைவருக்கும் ஒரே தளத்தில் உதவும் அரசு என மேலைநாட்டு நல அரசுகளை மூன்றாகப் பிரித்தார். இத்துறையில் இன்றுவரை மேற்கோள் காட்டப்படும் அந்தப் பகுப்பில் கல்வி ஏறத்தாழ விடுபட்டுப் போயிற்று என்ற குறை பின்னர் சொல்லப்பட்டது. மூன்று கணக்குகளும் சந்திக்கும் இடம் எது என்ற கேள்வியும் அதோடு சேர்ந்து விடுபட்டது.

அந்த இடம், பள்ளிப்படிப்பு முடியும் 17 வயதுக்கும், தொழில் தெரிந்தவர் என்று ஒரு நிறுவனம் ஒப்புக்கொண்டு முழுச் சம்பளம் கொடுக்கும் 23 அல்லது 25 வயதுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளே என்பது இக்கட்டுரையின் துணிபு. அந்த ஆண்டுகளில் கற்பவருடைய சாப்பாட்டுக்கும் பயணத்துக்கும், பழகும்போது அவர் கையில் வீணாகும் இரும்புக்கும் இயந்திர நேரத்துக்கும், அருகில் நின்று சொல்லிக்கொடுக்கும் மூத்த தொழிலாளியின் கூலிக்கும் யாரோ ஒருவர் பணம் கொடுத்தாக வேண்டும். கொடுப்பவர் முதலாளியா, அரசா, குடும்பமா, அல்லது வேறொரு நாடா என்பதைப் பொறுத்து, ஒரு சமூகத்தின் நலத்திட்டங்களும் பள்ளிகளும் பயன் தருவதும் தராமற்போவதும் பெரிதும் அமைகின்றன.

இதை ஆராய்வதற்குப் புதுச்சேரியின் வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்தில் உள்ள சேதராப்பட்டு வாய்ப்பான ஊர். புதுச்சேரி வட்டாரம் ஒரே நிலப்பரப்பாக இல்லாமல் தமிழ்நாட்டு ஊர்களுக்கு நடுவே துண்டு துண்டாகக் கிடப்பது. மயிலம் செல்லும் சாலையில் அமைந்த சேதராப்பட்டை அடுத்து விழுப்புரம் மாவட்டத்தின் வானூர் வட்டம் தொடங்கிவிடுகிறது. சவுக்கும் மணிலாவும் விளைந்த மேட்டுநிலத்தில், 1974-இல் தொடங்கப்பட்டதும் ஊரார் வாயில் ‘பிப்டிக்’ என்று வழங்குவதுமான அரசுத் தொழில் மேம்பாட்டுக் கழகத்தின் தொழிற்பேட்டை அங்கே நிற்கிறது. எல்லைக்கு அப்பால் வானூர்ப் பக்கத்து அரசுப் பள்ளி மாணவர் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் படிக்கிறார்; மருத்துவச் சேர்க்கையில் 2020 முதல் நடைமுறையிலிருக்கும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டுக்கு உரியவர். எல்லைக்கு இப்பால் உள்ளவர், 2023-24 கல்வியாண்டில் புதுச்சேரி அரசுப் பள்ளிகள் மாறிக்கொண்ட சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தில் படித்து, 10 விழுக்காடு ஒதுக்கீட்டுக்கு உரியவராகிறார். அப்பால் உள்ள பெண், அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போனால் 2022-இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் பெறுகிறார். இப்பால் உள்ள மாணவிக்கு எல்லை கடந்து அந்தத் திட்டம் வருவதில்லை. நாடுகளுக்கிடையிலான ஒப்பீட்டில் பேசப்படும் வேறுபாடுகளின் சிறு வடிவம் ஒரே பேருந்து வழித்தடத்தில் கிடைக்கிறது.

இந்த வட்டாரத்தில் கற்பவரின் வயிற்றுப்பாட்டைக் கல்வியின் செலவாகவே எண்ணிய மரபு பழையது. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துப் பாகூர்ச் செப்பேடுகள், பாகூரில் இயங்கிய வித்தியாஸ்தானம் எனும் உயர்கல்விச் சாலைக்கு மூன்று ஊர்களின் வருவாய் விடப்பட்ட செய்தியைச் சொல்கின்றன. புதுச்சேரியைச் சேர்ந்த திருபுவனையில் சோழன் முதலாம் இராஜாதிராஜன் காலத்துக் கல்வெட்டு 260 மாணவரும் 12 ஆசிரியரும் கொண்ட ஒரு கல்லூரியைக் குறிக்கிறது. அருகே விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில், முதலாம் இராஜேந்திரன் காலத்தில் 340 மாணவர்களுக்கு அவரவர் படித்த நிலைக்கேற்ப நாள்தோறும் நெல் அளக்கப்பட்டது. இவை வேதம் ஓதும் ஒரு சிறு வட்டத்துக்கு மட்டும் திறந்திருந்த சாலைகள். அந்த நெல்லை விளைவித்தவர்களின் பிள்ளைகள் அவற்றுள் நுழைந்திருக்க முடியாது. ஆகவே பெருமை பேசுவதற்கு இங்கே அதிகம் இல்லை. எனினும், கற்பவர் கற்கும் காலத்தில் உண்ண வேண்டும், அதற்கென ஒரு நிலத்தின் வருவாய் ஒதுக்கப்பட வேண்டும் என்ற கணக்கு அந்தச் சாசனங்களில் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. கல்விக் கட்டணத்தை மட்டும் தள்ளுபடி செய்துவிட்டு இலவசக் கல்வி என்று அழைக்கும் பிற்காலத் திட்டங்களில் அது எழுதப்படவில்லை.

பிரெஞ்சு ஆட்சிக்காலம் வேறொரு கணக்கை விட்டுச்சென்றது. 1881-ஆம் ஆண்டு ஆணை ஒன்றின்படி, சாதி, சமயம் சார்ந்த தம் தனிநபர் வழக்கங்களைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்று, குடும்பப் பெயர் ஒன்றையும் சூடிக்கொண்டவர்களுக்குப் பிரெஞ்சுக் குடிமகன் என்ற நிலை உறுதிப்பட்டது. அவர்களுட் பலர் இந்தோசீனாவுக்கு, குறிப்பாகச் சைகோனுக்கு, படைவீரராகவும் காவல், சுங்கம், வரி அலுவலகங்களின் ஊழியராகவும் சென்றனர். புதுச்சேரித் தமிழில் ‘சொல்தா’ என்று வழங்கும் படைவீரர், ஒப்பந்தக் காலம் முடித்துத் திரும்பியபோது பென்சன் உரிமையோடு திரும்பினார். அவர் இறந்த பின் மனைவிக்கு அதில் ஒரு பங்கு வந்தது. வேலை தேடி அலையும் இடைக்காலம் என்ற ஒன்று அவர் வாழ்வில் இருக்கவில்லை: படையில் சேர்ந்த நாள் முதல் பயிற்சியும் உணவும் சம்பளமும் ஒரே கையிலிருந்து வந்தன. எஸ்பிங்-ஆண்டர்சன் பகுப்பின்படி இது வேலையோடு பிணைந்த நலன். ஆனால் அந்த வேலை காலனியப் போர் என்பதையும், கிராமத்திலிருந்து இந்தோசீனாவுக்குப் போனவர் பிறிதொரு மக்களை அடக்கும் படையில்தான் சேர்ந்தார் என்பதையும் ஒப்பீட்டில் மறைக்கக் கூடாது.

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தனர்; எதிர்த்தவர் 8 பேர். நவம்பர் 1-இல் நிருவாகம் கைமாறியது. 1956 மே 28-இல் கையெழுத்தான உடன்படிக்கை, பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் ஒப்புதலுக்குப் பின் 1962 ஆகஸ்ட் 16-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, இப்பகுதியில் பிறந்து இங்கேயே வாழ்ந்த பிரெஞ்சுக் குடிமக்கள் இந்தியக் குடிமக்களாயினர்; பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். ஏறத்தாழ 5,000 பேர் அவ்வாறு எழுதிக் கொடுத்தனர். பிற்கால வாழ்க்கையை முழுவதுமாகத் தீர்மானித்த அந்த முடிவு, அந்த நேரத்தில் பலருக்கும் ஒரு படிவத்தை நிரப்புவதா, வேண்டாமா என்ற அளவில்தான் தெரிந்திருக்கும். எழுதிக் கொடுத்த குடும்பத்தின் பிள்ளை, 1826-இல் தொடங்கப்பட்ட லிசே என்னும் பிரெஞ்சுப் பள்ளியில் படிப்பதற்குப் பிரெஞ்சு அரசின் உதவித்தொகை கேட்கலாம். பிரான்சுக்குச் சென்று அங்குள்ள அரசுப் போட்டித் தேர்வை எழுதலாம். வேலையிழந்தால் அங்குள்ள காப்பீட்டைப் பெறலாம். எழுதிக் கொடுக்காத குடும்பத்தின் பிள்ளைக்கு இந்திய அரசின் பள்ளியும் வேலைவாய்ப்பு அலுவலகத்தின் பதிவு அட்டையும் உண்டு. இரு குடும்பங்களும் ஒரே கோயில் தேரை இழுத்தவை.

பாரிஸ் நகரையும் அதன் புறநகர்களையும் பார்த்தால் இவ்வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. புதுச்சேரித் தமிழர் அங்கே குடிமக்களாக இறங்கினர். 1983-க்குப் பின் பெருந்தொகையாக வந்த ஈழத் தமிழர் புகலிடம் கேட்போராக இறங்கினர். 1991-இல் பிரான்ஸ், புகலிடம் கேட்டிருப்போர் தம் மனு முடிவாகும் முன்பே வேலை செய்யும் இயல்பான உரிமையை நிறுத்தியது. யாழ்ப்பாணத்தில் கணக்கியலோ பொறியியலோ படித்தவர் உணவகச் சமையற்கூடங்களில் பாத்திரம் கழுவ நேர்ந்ததற்கு மொழி மட்டும் காரணமன்று. கையிலிருந்த திறனை அந்நாட்டுத் தகுதியாக மாற்றிக்கொள்ளும் ஆண்டுகளில் அவரைத் தாங்குவதற்கு யாரும் இல்லை. ஒரே மொழியினர், ஒரே நகரம், ஒரே நல அரசு. இடைப்பட்ட ஆண்டுகளுக்குப் பொறுப்பேற்க அரசு முன்வந்ததா இல்லையா என்பதே இரு சமூகங்களின் முதல் தலைமுறையைப் பிரித்தது.

புதுச்சேரிக்குள் அந்தப் பொறுப்பைச் சில காலம் ஏற்றிருந்தவை பஞ்சாலைகள். 1936 ஜூலை 30 அன்று சவானா ஆலையில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் இறந்தனர். அதே ஆண்டு பிரான்சில் லெயோன் புளூம் தலைமையிலான மக்கள் முன்னணி அரசு வாரம் 40 மணி நேர வேலையைச் சட்டமாக்கியிருந்தது; தொழிற்சங்கத் தலைவர் வ. சுப்பையா முதலியோரின் போராட்டத்தாலும் அந்த அரசியல் சூழலாலும் 1937-இல் பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலைநாள் வந்தது. ஆசியாவிலேயே முதன்முதலாக வந்தது என்று தொழிற்சங்க வரலாற்றில் இது கொண்டாடப்படுகிறது. 1898-இல் தொடங்கிய ஆங்கிலோ-பிரெஞ்சு ஆலை உட்பட இந்த ஆலைகள், வில்லியனூர்ப் பக்கத்து ஊர்களிலிருந்து சைக்கிளில் வந்த இளைஞர்களுக்குச் சம்பளம் தந்துகொண்டே தொழில் கற்பித்த இடங்களும் ஆகும். தறியோட்டுபவர் பக்கத்தில் நின்று கற்ற பையன் சில ஆண்டுகளில் தானே தறியோட்டினான். அவனுக்குச் சான்றிதழ் யாரும் தரவில்லை, தேவைப்படவும் இல்லை. 2020-இல் அரசு அந்த ஆலைகளை முடிவாக மூடியபோது போனவற்றுள் வேலைகள் கணக்கில் வந்தன. கற்பிக்கும் இடம் ஒன்று போனது கணக்கில் வரவில்லை.

இணைப்புக்குப் பின் வந்த இந்திய நல அமைப்பு, பிள்ளைகளைப் பள்ளியில் நிறுத்துவதில் நல்ல வெற்றி கண்டது. பள்ளியில் மதிய உணவு 1930-இலேயே பிரெஞ்சு நிருவாகத்தின் கீழ் தொடங்கியதாகச் சொல்லப்படும் இடம் இது; பின்னாளில் காலையில் பாலும், மாணவர்களுக்கு ஒரு ரூபாய்ச் சிறப்புப் பேருந்தும் சேர்ந்தன. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 85 விழுக்காட்டைத் தாண்டியது. 2021-22-க்கான அகில இந்திய உயர்கல்வி ஆய்வில், 18 முதல் 23 வயதுள்ள மக்கள்தொகையோடு உயர்கல்வியில் சேர்ந்துள்ளோரை ஒப்பிடும் மொத்தச் சேர்க்கை விகிதம் புதுச்சேரியில் 61.5 ஆகவும், தமிழ்நாட்டில் 47 ஆகவும், நாடு முழுமைக்கும் 28.4 ஆகவும் இருந்தது. இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வது தவறு. பிற மாநிலங்களிலிருந்து வந்து இங்குள்ள தனியார் கல்லூரிகளில் படிப்போரும் அதில் அடங்குவர். பாகூர் கொம்யூனின் கிருமாம்பாக்கம், பிள்ளையார்குப்பம் பகுதிகளில் நெல் வயல்களை ஒட்டி எழுந்த தனியார் மருத்துவக் கல்லூரிகள் விகிதத்தை உயர்த்துகின்றன. வயலுக்குரிய குடும்பத்தின் பிள்ளை அங்கே நுழைவது, மையச் சேர்க்கைக் குழுவான சென்டாக் ஒதுக்கும் இடங்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. அந்த எண்ணிக்கை குறித்த தகராறு ஒவ்வொரு சேர்க்கைக் காலத்திலும் செய்தியாகிறது.

நலத்திட்டங்களைப் பற்றிய அரசியல் விவாதமோ வேறொரு கேள்வியில் சிக்கிக்கொண்டது. உணவு மானியத்தைத் தானியமாகத் தராமல் வங்கிக் கணக்கில் பணமாகச் செலுத்தும் சோதனை 2015 செப்டம்பரில் புதுச்சேரியிலும் சண்டிகரிலும் தொடங்கியது. சிவப்பு அட்டை எனப்படும் வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளோர் அட்டைக்கும், மஞ்சள் அட்டை எனப்படும் மற்றோர் அட்டைக்கும் புதுச்சேரி அரசு வழங்கிவந்த இலவச அரிசியைப் பற்றி, அன்றைய முதல்வர் நாராயணசாமிக்கும் துணைநிலை ஆளுநர் கிரண் பேடிக்கும் அரிசியா பணமா என்ற மோதல் 2019-இல் முற்றி நீதிமன்றம் வரை சென்றது. நியாயவிலைக் கடைகள் ஆண்டுக்கணக்கில் மூடிக் கிடந்தன. கடை ஊழியர்கள் சம்பளமின்றிப் போராடினர். 2024 அக்டோபரில் கடைகள் மீண்டும் திறக்கப்பட்டன. பணமாகக் கொடுத்தால் கடைக்காரர் விலை ஏற்றுவார் என்பதும், அரிசியாகக் கொடுத்தால் தரம் குறையும், வழியில் கசியும் என்பதும் இரண்டுமே உண்மையான வாதங்கள். ஆனால் இத்தனை ஆண்டு நீடித்த அந்த வழக்கில், அரிசியோ பணமோ பெறும் வீட்டில் ஐ.டி.ஐ. எனும் தொழிற்பயிற்சி நிலையப் படிப்பை முடித்து வேலையின்றி இருக்கும் 20 வயதுப் பிள்ளையின் பயிற்சிச் செலவு ஒரு தரப்பிலும் பேசப்படவில்லை. மெய்யான நலச்செலவில் பெரும்பகுதி, அந்தப் பிள்ளைக்காக அவன் தாய் நூறுநாள் வேலையிலும் களையெடுப்பிலும் செய்வதுதான். எந்த வரவுசெலவு அறிக்கையிலும் அது ஏறுவதில்லை.

சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையின் கதை இந்த இடைவெளியை நேராகக் காட்டுகிறது. 1990-களில் புதுச்சேரிக்கு ஆலைகள் வந்ததற்கு முதற்காரணம் வரிச்சலுகை. தொழிலில் பின்தங்கிய பகுதி என்ற வகையில் முதல் ஐந்தாண்டு இலாபத்துக்கு முழு வருமானவரி விலக்கும், அண்டை மாநிலத்தைவிடக் குறைந்த விற்பனை வரியும் கிடைத்ததால், சென்னையிலிருந்து மூன்று மணி நேரத் தொலைவிலுள்ள இவ்விடம் கணினி, சோப்பு, சலவை இயந்திரம், மருந்து என்று பலவற்றைச் செய்யும் ஆலைகளை ஈர்த்தது. சலுகைக் காலம் முடிந்து, பின்னர் மதிப்புக் கூட்டு வரியும் 2017-இல் சரக்கு மற்றும் சேவை வரியும் வந்து விலை வேறுபாட்டை அழித்தபோது, வரிக்காக வந்தவை வரியோடு போயின. ஆலைக்குத் தரப்பட்ட சலுகையும் ஒரு நலத்திட்டமே; அதற்கு ஈடாக உள்ளூர் இளைஞருக்கு இத்தனை பேர், இத்தனை ஆண்டு தொழில் கற்பிக்க வேண்டும் என்ற நிபந்தனை முதன்மை பெறவில்லை. உள்ளூர்க்காரருக்கு வேலை என்ற கோரிக்கை எழுந்த இடங்களில் அது காவலாளி, சுமைதூக்குவோர், துப்புரவுப் பணியாளர் என்ற அளவில் நிறைவேறிப் போயிற்று. 2005-ஆம் ஆண்டுச் சிறப்புப் பொருளாதார மண்டலச் சட்டத்தையொட்டிச் சேதராப்பட்டிலும் கரசூரிலும் நூற்றுக்கணக்கான ஏக்கர் நிலம் கையகப்படுத்தப்பட்டது. மண்டலம் எழவில்லை, நிலம் பத்தாண்டுக்கும் மேலாகத் தரிசாகக் கிடந்தது.

தொழிற்பேட்டைத் தெருக்களின் மின்கம்பங்களில் ஒட்டப்படும் ஆள்தேவை அறிவிப்புகளில் அடிக்கடி காணும் வாசகம், ஃபிட்டர், டர்னர், வெல்டர் தேவை, ஐ.டி.ஐ. முடித்தவர், இரண்டாண்டு அனுபவம் என்பது. அனுபவத்தைக் கேட்பவர் பலர், தருபவர் சிலர். தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர் பிரிவு மாணவர், இரும்புத் தகட்டை வைஸில் பிடித்து அரத்தால் தேய்த்து, ஒரு துண்டின் வெட்டு மற்றொரு துண்டுக்குள் வெளிச்சம் ஊடுருவாமல் பொருந்தும்வரை வெர்னியரால் அளந்து அளந்து மாதக்கணக்கில் பழகுகிறார். கைக்கும் கண்ணுக்கும் அது தரும் பழக்கம் மதிப்புடையது; தொழில் தெரிந்தவர் யாரும் அதைக் குறைத்துப் பேசமாட்டார். ஆனால் ஆலையில் அவர் சந்திக்கும் இயந்திரம் கணினிக் கட்டளையில் ஓடுவது, அதில் ஒரு கருவி முறிந்தால் பல ஆயிரம் ரூபாய் நட்டம், எனவே புதியவர் கையில் அது எளிதில் தரப்படுவதில்லை. 1961-ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டம் இந்த இடைவெளிக்காகவே வந்தது. இப்போதுள்ள விதிகளின்படி 30 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர் கொண்ட நிறுவனம், தன் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களை வைத்துக்கொள்ள வேண்டும். 2016-இல் தொடங்கிய தேசிய ஊக்குவிப்புத் திட்டத்தில் உதவித்தொகையின் கால் பங்கை, மாதம் 1,500 ரூபாய் வரை, நடுவண் அரசு ஏற்கிறது. சட்டம் கெட்டது என்று சொல்ல முடியாது. தொழிற்பேட்டைகளின் சிறு பட்டறைகள் பல அந்த வரம்புக்குக் கீழே நிற்கின்றன. பெரிய ஆலைகளில் பழகுநர் என்ற பெயரில் வருபவர் பலர், கற்பதைவிட உற்பத்தி வரிசையில் ஒரு நிலையைக் குறைந்த சம்பளத்தில் நிரப்புகின்றனர். ஓராண்டு முடிந்ததும் அடுத்த அணி வருகிறது. எஞ்சிய இடத்தைக் கான்ட்ராக்டர் வழியே வடமாநிலத் தொழிலாளர் நிரப்புகின்றனர், அவர்களுக்கும் யாரும் தொழில் கற்பிப்பதில்லை.

செருமனியில் இதே ஆண்டுகள் எப்படிக் கழிகின்றன என்பது பலமுறை புகழப்பட்ட செய்தி என்றாலும், அதன் கணக்குப் பக்கம் குறைவாகவே சொல்லப்படுகிறது. இரட்டைப் பயிற்சி எனப்படும் அந்த முறையில், பள்ளி முடித்தவர் ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டு வாரத்தில் மூன்று நான்கு நாள் ஆலையிலும், ஓரிரு நாள் மாநில அரசின் தொழிற்பள்ளியிலும் இரண்டு முதல் மூன்றரை ஆண்டு கற்கிறார். 1969-ஆம் ஆண்டுச் சட்டம் இதை ஒழுங்குபடுத்துகிறது. அங்கீகரிக்கப்பட்ட தொழில்கள் 300-க்கும் மேல். மாதப்படியும் ஆலைப் பயிற்சியின் செலவும் நிறுவனத்தின் தலையில்; பள்ளியின் செலவு மாநிலத்தின் தலையில். தேர்வு நடத்திச் சான்று தருவது, நிறுவனங்கள் யாவும் கட்டாய உறுப்பினராகவுள்ள தொழில் வணிகக் கழகம். இந்தக் கடைசிச் செய்தியே முதன்மையானது. கற்பித்த ஆளைப் பக்கத்து ஆலை இழுத்துக்கொண்டு போய்விடும் என்ற அச்சமே எங்கும் முதலாளிகளைத் தடுப்பது. எல்லாரும் ஒரே கழகத்துக்குக் கட்டணம் கட்டி, எல்லாரும் கற்பிக்கும்போது அந்த அச்சம் குறைகிறது. 10 அல்லது 11 வயதிலேயே பிள்ளைகளை வெவ்வேறு பள்ளி வகைகளாகப் பிரிப்பதால், குடியேறியோர் பிள்ளைகள் கீழ்த்தட்டில் தேங்குகின்றனர் என்ற குறையும் அம்முறைக்கு உண்டு. சாதி வழியே தொழில் பிரிக்கப்பட்ட அனுபவமுள்ள தமிழ்ச் சமூகம் அதை அப்படியே கொண்டுவர விரும்பாது, விரும்பவும் கூடாது.

சிங்கப்பூர் வழி வேறு. 1955-இல் தொடங்கிய மத்திய சேமநிதியில் தொழிலாளியும் முதலாளியும் செலுத்தும் பணம் தொழிலாளியின் சொந்தக் கணக்கில் சேர்கிறது. அரசு மானியத்தைவிடச் சேமிப்பே அங்கு நலனின் அடித்தளம். 1979 முதல் முதலாளிகளிடம் திறன் மேம்பாட்டு வரி வாங்கப்படுகிறது. இன்று அது பொதுவாகச் சம்பளத்தில் 0.25 விழுக்காடு. 2015-இல் அறிமுகமான திட்டத்தில் 25 வயது நிறைந்த குடிமக்களுக்குப் பயிற்சிக்கென 500 வெள்ளி கணக்கில் வைக்கப்பட்டது. இது குடிமக்களுக்கான சிங்கப்பூர். புதுச்சேரி, கடலூர், விழுப்புரம் பகுதிகளின் இளைஞர் காணும் சிங்கப்பூருக்குக் கதவு இங்கேயே இருக்கிறது: கட்டுமானத் தொழில்திறனைச் சோதிக்கும் தேர்வு மையங்களில் பணம் கட்டிப் பழகி, ‘டெஸ்ட் அடித்து’, முகவருக்குக் கடன் வாங்கிக் கொடுத்துப் போகிறார். அவருடைய பயிற்சிச் செலவு அவர் குடும்பத்தின் கடன். வேலை அனுமதிச் சீட்டில் இருக்கும்வரை சேமநிதியில் அவருக்கு இடமில்லை. பட்டம் பெற்ற பொறியாளருக்கு அதே நாடு வேறு சீட்டு தருகிறது, 2023 செப்டம்பரிலிருந்து சம்பளம், தகுதி முதலியவற்றுக்குப் புள்ளி போட்டு எடைபோடுகிறது.

பிரான்ஸ் இந்த நூற்றாண்டில் செருமனியைப் பார்த்துத் தன் முறையைத் திருத்தியது. 2018-ஆம் ஆண்டுச் சட்டமும், 2020 முதல் பழகுநரை எடுக்கும் நிறுவனத்துக்கு அரசு நேரடியாகக் கொடுத்த மானியமும் சேர்ந்து, ஆண்டுக்குச் சேரும் புதிய பழகுநர்களை 2022-இல் 8 இலட்சத்துக்கு மேல் கொண்டுசென்றன. மானியம் இல்லாவிட்டாலும் வேலை பெற்றிருக்கக்கூடிய உயர்கல்வி மாணவர்களே அதில் பெரும்பங்கு என்ற விமரிசனம் எழுந்தது. அரசும் பின்னர் மானியத்தைக் குறைத்தது. பணத்தை அள்ளிக் கொடுத்தால் எண்ணிக்கை கூடும், தேவைப்பட்டவருக்குத்தான் சேர்ந்ததா என்பது வேறு கேள்வி என்பதற்கு இது அண்மைச் சான்று.

புதுச்சேரிக்கு மிக நெருங்கிய ஒப்புமை ஐரோப்பாவில் இல்லை, இலங்கையில் இருக்கிறது. கல்வி அமைச்சர் சி. டபிள்யு. டபிள்யு. கன்னங்கராவின் முயற்சியால் 1940-களின் நடுவில் மழலை வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி, அதோடு அரிசி மானியம், பொது மருத்துவம் என்று, ஏழை நாடொன்று செய்யக்கூடியதை எல்லாம் செய்த நாடு அது. 1971-இல் படித்து வேலையற்ற கிராமத்து இளைஞரின் ஆயுதக் கிளர்ச்சி வெடித்தது. அவ்வாண்டு பொருளியலாளர் டட்லி சீர்ஸ் தலைமையில் பன்னாட்டுத் தொழிலாளர் நிறுவனம் அனுப்பிய குழு, வேலைவாய்ப்புக்கும் படித்தோரின் எதிர்பார்ப்புக்கும் உள்ள பொருத்தமின்மையையே ஆராய்ந்தது. அக்குழுவின் சிந்தனையோடு தொடர்புடைய சமூகவியலாளர் ரொனால்டு டோர் 1976-இல் எழுதிய நூலில், வேலை கிடைக்காதபோது மேலும் ஒரு சான்றிதழ் வாங்குவதும், எல்லாரும் வாங்கியதால் அதன் மதிப்பு வீழ்வதும், மீண்டும் ஒரு சான்றிதழைத் தேடுவதுமான சுழலைப் ‘பட்ட நோய்’ என்று அழைத்தார். பல்கலைக்கழக இடங்களுக்காக 1970-களில் கொண்டுவரப்பட்ட தரப்படுத்தல் தமிழ் மாணவரை வெளியே தள்ளியபோது, அந்நோய் இனப் பகையோடு கலந்தது. புதுச்சேரியில் அத்தகைய கொந்தளிப்பு இல்லை, ஐ.டி.ஐ. முடித்தவர் டிப்ளமோவும், டிப்ளமோ முடித்தவர் பொறியியலும், பொறியியல் முடித்தவர் காவலர் தேர்வும் எழுதுவதில் டோரின் சுழல் அமைதியாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

வளர்ந்த நாடுகள் இப்போது திறனுக்காகப் போட்டியிடுவது இந்தக் கணக்கை மேலும் சாய்க்கிறது. செருமனி 2020-இல் திறனாளர் குடியேற்றச் சட்டத்தை நடைமுறைப்படுத்தி, 2024-இல் வேலை கையில் இல்லாமலே வந்து தேடிக்கொள்ள வாய்ப்பு அட்டை தந்து, அதே ஆண்டு அக்டோபரில் இந்தியத் திறனாளருக்கான ஆண்டு விசா எண்ணிக்கையை 20,000-லிருந்து 90,000 ஆக உயர்த்த முடிவு செய்தது. பாகூர்ப் பக்கத்துக் கல்லூரியில் செவிலியர் படிப்பு முடித்த பெண் அங்கே போனால், அவர் பள்ளியில் குடித்த பாலுக்கும், ஏறிச் சென்ற ஒரு ரூபாய்ப் பேருந்துக்கும், குடும்பம் கட்டிய கட்டணத்துக்கும் ஆன செலவு புதுச்சேரியுடையது. அறுவடை செருமானிய மருத்துவமனையினுடையது. பொருளியலாளர் ஜகதீஷ் பகவதி 1970-களில், வெளிநாடு செல்லும் திறனாளரின் வருமானத்தில் சில ஆண்டுகளுக்கு ஒரு சிறு கூடுதல் வரி வாங்கி, அவர் புறப்பட்ட நாட்டுக்குத் தர வேண்டும் என்று முன்மொழிந்தார். அது எங்கும் நடைமுறைக்கு வரவில்லை. போகிறவரைக் குறை சொல்வதில் பொருளும் இல்லை. அவர் அனுப்பும் பணம்தான் தம்பியின் இடைப்பட்ட ஆண்டுகளுக்குப் பல வீடுகளில் ஒரே ஆதாரம். ஆனால் செவிலியர் பயிற்சி இடங்களுக்கு, ஆள் எடுக்கும் நாடு முன்பணம் கட்ட வேண்டும் என்று அரசுகளுக்கிடையே ஒப்பந்தம் செய்வது வரியைவிட எளிது.

இந்தியப் பக்கத்தில் மாற்றத்துக்கு இடமுள்ளது பெரிய சட்டங்களில் அன்று, நிலத்தில். சேதராப்பட்டு, கரசூர் நிலம் இப்போது பிப்டிக் வழியே மீண்டும் தொழிற்பூங்காவாகத் திட்டமிடப்படுகிறது. மனை ஒதுக்கும் ஒப்பந்தத்திலேயே, ஏக்கருக்கு இத்தனை பயிற்சி இடம் என்று எழுதிவிடலாம். 30 பேருக்குக் குறைந்த பட்டறைகள் கூட்டாக ஒரு பயிற்சிக் கூடம் நடத்த, தொழிற்பேட்டைப் பராமரிப்புக் கட்டணத்தோடு சிறு பங்கு வாங்கலாம். தேர்வை மேட்டுப்பாளையத்து ஐ.டி.ஐ.யும் ஆலை மேற்பார்வையாளரும் சேர்ந்து நடத்தலாம். இதைக் கண்காணிக்க வேண்டிய அமைப்பு கொம்யூன் பஞ்சாயத்து. எந்த வீட்டில் யார் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு இருக்கிறார் என்பது அதன் உறுப்பினருக்குத் தெரியும், தலைமைச் செயலகத்துக்குத் தெரியாது. புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968-இல் நடந்தது, பிறகு 2006-இல் நடந்தது. 2011-இல் அம்மன்றங்களின் காலம் முடிந்தபின், 2021-இல் அறிவிக்கப்பட்ட தேர்தலும் இடஒதுக்கீட்டு வழக்கில் நின்றுபோயிற்று. வில்லியனூரிலும் பாகூரிலும் கொம்யூன் அலுவலகத்தை நடத்துபவர் அரசு நியமித்த ஆணையர்.